வாசகர் கேள்விகள்: கணித ஆசிரியர்களுக்குத் தனிச் சங்கம் எதற்கு?

சிங்கப்பூரில் ஆசிரியர்களே கூடி, ஊதியம் ஏதுமின்றி நடத்தும் பாடவாரிச் சங்கங்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பெரும்பாலோர் கணித ஆசிரியர் சங்கம் குறித்தே கேட்டிருப்பதால், இந்தப் பகுதியை முழுவதுமாக அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் இளம் ஆசிரியை நான். கணிதக் கல்வியாளர் சங்கத்தில் சேரும்படி எங்கள் துறைத் தலைவர் சொல்கிறார். கல்வி அமைச்சு ஆண்டுக்கு 100 மணி நேரம் வரை பயிற்சிக்கு இடமளிக்கிறது. பள்ளியிலும் ஆசிரியர் கலந்துரையாடல் நடக்கிறது. இதற்கு மேல் ஒரு சங்கம் தேவைதானா?
— ஈசூன் வாசகி

அமைச்சு தரும் பயிற்சி பாடத்திட்டத்தின் தேவையிலிருந்து பிறக்கிறது. பள்ளிக் கலந்துரையாடல், அந்தப் பள்ளியின் அடுத்த தேர்வை நோக்கியே பெரும்பாலும் நகர்கிறது. இரண்டிலும் உங்கள் எதிரே அமர்ந்திருப்பவர் ஆண்டிறுதியில் உங்கள் பணியை மதிப்பிடுபவராக இருக்கலாம். "இந்தப் பாடத்தை எப்படி நடத்துவதென்று எனக்குப் பிடிபடவில்லை" என்று அங்கே சொல்ல எவருக்கும் கொஞ்சம் தயக்கம் இருக்கும். சங்கத்தில் அந்தத் தயக்கத்துக்கு வேலை இல்லை.

மற்றொரு பயன், தொடக்கப்பள்ளி, உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரி ஆசிரியர்களும், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளர்களும் அங்கே ஒரே அறையில் இருப்பது. உங்களிடம் உயர்நிலை ஒன்றுக்கு வரும் பிள்ளை, எக்ஸ் என்று எழுத வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக மாடல் (கணக்கில் வரும் அளவுகளைக் கட்டங்களாகக் காட்டும் படம்) வரைகிறதென்றால், அதைப் பழைய பழக்கம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆறாம் வகுப்பில் 'ஒரு யூனிட்' என்று பிள்ளை சொன்ன அந்தக் கட்டம்தான் உங்கள் வகுப்பில் எக்ஸ் ஆகிறது என்பதை, அந்த வகுப்பை நடத்துகிற ஆசிரியர் வாயிலாகக் கேட்கும்போது, அல்ஜீப்ராவின் முதல் பாடத்தை நீங்கள் வேறு விதமாகத் தொடங்குவீர்கள்.

சங்கத்தின் பணிகளும் கண்ணுக்குத் தெரிபவைதாம். அதன் ஆய்விதழ் 1996 முதல் வெளிவருகிறது. தேசியக் கல்விக் கழகத்தோடு சேர்ந்து ஆண்டுதோறும் கணித ஆசிரியர் மாநாடு நடத்துகிறது. 2009 முதல் வெளிவரும் ஆண்டு நூல்களில் முதலாவது, கணக்குகளுக்குத் தீர்வு காண்பதையே பொருளாகக் கொண்டிருந்தது. 1990ஆம் ஆண்டுக் கணிதப் பாடத்திட்டத்தை விளக்கும் ஐங்கோணப் படத்தின் நடுவில் இருந்ததும் அதுதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதைத் தொழிற்சங்கத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சம்பளம், பணி நிபந்தனைகள் ஆகியவை தொழிற்சங்கத்தின் பொறுப்பு. 1952இல் தோன்றிய சிங்கப்பூர்க் கணிதச் சங்கமும் வேறு. கணிதம் என்ற துறையே அதன் அக்கறை, பள்ளிகளுக்கிடையிலான அதன் போட்டி 1956இல் தொடங்கியது. நீங்கள் கேட்கும் சங்கத்தின் அக்கறை கற்பித்தல். பயிற்சி மணிக்கணக்கை நிரப்புவது மட்டுமே நோக்கம் என்றால், சந்தா கட்டிச் சேருவதால் உங்களுக்கும் பயனில்லை, சங்கத்துக்கும் பயனில்லை.

கேள்வி: தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் கணிதத் தாள் பிள்ளைகளை அழவைக்கும் அளவுக்குக் கடினமாக இருந்ததென்று பெற்றோர் பலர் சொல்கிறோம். இந்தச் சங்கத்திடம் முறையிடலாமா? நல்ல துணைப்பாட ஆசிரியர் ஒருவரையும் பரிந்துரைக்கச் சொல்லலாமா?
— ஜூரோங் வெஸ்ட் வாசகர்

இரண்டுமே முடியாது. தேர்வுத் தாள் தேர்வு வாரியத்தின் பொறுப்பு. சங்கத்துக்கு அதில் அதிகாரமில்லை. துணைப்பாட ஆசிரியரைப் பரிந்துரைக்கும் வேலையில் ஆசிரியர் சங்கம் ஒன்று இறங்கினால், அன்றோடு அதன் மதிப்பு போயிற்று. கட்டணம்தான் கவலையென்றால், சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் துணைப்பாடத் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள்.

கேள்வி: தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்பில் கற்பிக்கிறேன். மாநாட்டில் பேச ஆய்வுப் பட்டம் வேண்டுமா? என்னிடம் இருப்பது ஒரு சிறு அனுபவம்தான். 'மீதியில் பின்னம்' கணக்கை அழகாகப் போட்ட பிள்ளைகள், ஒரே ஓர் எண்ணை மாற்றியதும் திணறிவிட்டார்கள்.
— செங்காங் வாசகி

பட்டம் வேண்டியதில்லை. நீங்கள் சிறிது என்று நினைப்பது உண்மையில் நல்ல தலைப்பு. எந்தக் கணக்கு என்று நீங்கள் எழுதவில்லை; இப்படி இருந்திருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பையன் தன் பணத்தில் 2/5 பங்கைப் புத்தகத்துக்கும், மீதியில் 1/3 பங்கைப் பேனாவுக்கும் செலவிட்டான். 24 வெள்ளி மிஞ்சியது. பிள்ளை ஐந்து கட்டம் வரைகிறது, இரண்டை அடிக்கிறது, மூன்று கட்டம் இருக்கிறது. அதில் ஒன்று பேனாவுக்கு. மிச்சமுள்ள இரண்டு கட்டம் 24 வெள்ளி, ஒரு கட்டம் 12, மொத்தம் 60. எல்லாம் சரி. இதே கணக்கில் 1/3 என்பதை 1/4 என்று மாற்றி, மிஞ்சியது 36 வெள்ளி என்று கொடுத்துப் பாருங்கள். கையில் இருப்பது மூன்று கட்டம், பிரிக்க வேண்டியதோ நான்கு பங்கு. முதல் கணக்கில் 'மீதி' என்ற சொல்லைக் கவனிக்காமலே, இருந்த கட்டங்களை எண்ணி விடை கண்ட பிள்ளை இங்கேதான் பிடிபடும். சிலர் மறுபடியும் முழுப் பணத்தையும் நான்காகப் பிரிப்பார்கள். சிலர் மீதிக்கென்று கீழே இன்னொரு பட்டை வரைவார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் நான்காக அறுத்து, மொத்தம் 20 சிறு கட்டம், புத்தகத்துக்கு 8, பேனாவுக்கு 3, மிச்சம் 9, ஆகவே ஒன்று 4 வெள்ளி, மொத்தம் 80 வெள்ளி என்று வருகிறவர்கள் சிலரே.

பிள்ளைகளின் இந்த மூன்று விதத் தாள்களையும், பெயரை மறைத்து, பள்ளி முதல்வரின் அனுமதியோடு திரையில் காட்டுங்கள். முதல் கணக்கை எத்தனை முறை கொடுத்த பிறகு இரண்டாவதைக் கொடுக்க வேண்டும், அல்லது இரண்டாவதிலிருந்தே தொடங்கலாமா என்று கேளுங்கள். அரங்கில் இருப்பவர்கள் மீதி நேரத்தைப் பார்த்துக்கொள்வார்கள். மாடல் முறையே 1980களில் இங்குள்ள பாடத்திட்டக் குழுவினர், வாக்கியக் கணக்கில் நம் பிள்ளைகள் தடுமாறுவதைக் கண்டு உருவாக்கியதுதான். வகுப்பறையில் கண்ணில் படும் சிறு தடுமாற்றத்தைச் சிறிதென்று தள்ளியிருந்தால் அது வந்திருக்காது.

கேள்வி: என் தந்தையார் இங்கே தமிழ்ப் பள்ளியில் தமிழிலேயே கணக்குப் பாடம் படித்தவர். தமிழர்களிடையே இப்படிப்பட்ட கணிதச் சங்கம் எதுவும் இருந்ததா?
— சிராங்கூன் வாசகர்

உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்படும்வரை இங்கே தமிழ்வழிக் கல்வி உயர்நிலை மட்டத்திலும் நடந்தது. உங்கள் தந்தையார் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவராக இருக்கலாம். இங்குள்ள தமிழாசிரியர்களுக்கு நெடுங்காலமாகவே சங்கம் இருந்துவருகிறது. ஆனால் அது மொழி ஆசிரியர்களுக்கு உரியது.

தமிழகத்தைப் பார்த்தால் கதை சுவையானது. 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசுவாமி ஐயர் பேராசிரியர் அல்லர், துணை ஆட்சியர். வெளிநாட்டுக் கணித இதழ்களைத் தனித்தனியே வாங்க இயலாதவர்கள், சந்தா சேர்த்து வாங்கி, அஞ்சலில் ஒருவருக்கொருவர் சுற்றுக்கு விடுவதே தொடக்கத்தில் அதன் முக்கிய வேலை. 1910இல் வேலை தேடித் திருக்கோவிலூருக்கு வந்த ராமானுஜன் தம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டியது இவரிடம்தான். தம் அலுவலகத்தில் எழுத்தர் வேலை கொடுத்து அவரை முடக்கிவிடாமல், சென்னையில் உள்ளவர்களிடம் அறிமுகம் செய்து அனுப்பினார்.

மறு ஆண்டு அந்தக் கழகத்தின் இதழில் ராமானுஜன் வாசகர்களுக்கு ஒரு கேள்வி விடுத்தார். ஒன்றோடு, இரண்டு மடங்கு வர்க்கமூலம். அந்த வர்க்கமூலத்துக்குள் ஒன்றோடு, மூன்று மடங்கு வர்க்கமூலம். அதற்குள் நான்கு மடங்கு என்று முடிவில்லாமல் உள்ளே உள்ளே போகும் கோவை ஒன்றின் வர்க்கமூலம் என்ன என்பதே கேள்வி. எவரும் விடை அனுப்பவில்லை; அவரே பின்னர் அளித்தார். விடை 3. உயர்நிலை மாணவர்கூட இதன் வழியைக் காணலாம்: 9 என்பது 1 + 2 × 4, அந்த 4, 16இன் வர்க்கமூலம், 16 என்பது 1 + 3 × 5, அந்த 5, 25இன் வர்க்கமூலம், 25 என்பது 1 + 4 × 6. இப்படியே தொடரும். ஊதியமில்லாமல் சிலர் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பிய இதழ் ஒன்று இல்லாதிருந்தால், வேலை தேடி அலைந்த அந்த இளைஞர் தம் கேள்வியை யாரிடம் கேட்டிருப்பார்?

ஆசிரியர்களுக்கென்றே அமைந்தது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1965இல் தோன்றிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம். மாணவர்களுக்கு அது நடத்தும் திறனறி போட்டியின் பழைய வினாத்தாள்கள் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். நம் ஒலிம்பியாட் பயிற்சிக்கும் உதவும்.

கேள்வி: பாடவாரிச் சங்கம் ஒன்றின் செயலவையில் இருக்கிறேன். உறுப்பினர் பட்டியல் நீளமானது. வேலை செய்வதோ அதே நான்கு பேர். தொண்டூழியர்களை எப்படிச் சேர்ப்பது, சேர்ந்தவர்களை எப்படித் தக்கவைப்பது?
— பிடோக் வாசகர்

"சங்கத்துக்கு உதவ முடியுமா?" என்று கேட்டால் எவரும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள், ஏனென்றால் அந்தக் கேள்விக்கு எல்லையே இல்லை. "இந்த ஆறு பக்கத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் மெய்ப்புப் பார்த்துத் தருவீர்களா?" என்று கேளுங்கள். தொடக்கமும் முடிவும் உள்ள வேலைக்கு ஆள் கிடைக்கும். இருமுறை செய்தவர் மூன்றாம் முறை தாமாகவே கேட்பார். பெரிய பதவிகளை அதன்பின் பேசலாம்.

பள்ளி நாட்காட்டியை மறந்து திட்டமிடுவது அடுத்த தவறு. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தேர்வு எழுதும் வகுப்புகளின் ஆசிரியரிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஜூன் விடுமுறையும் ஆண்டிறுதி விடுமுறையும்தான் உங்கள் காலம், அதிலும் அவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது.

விதிகளையும் சற்றுப் பாருங்கள். சங்கங்களின் பதிவகம் தரும் மாதிரி விதிகளின்படி, பொருளாளர் மட்டும் அடுத்தடுத்த தவணைகளில் அதே பொறுப்பில் நீடிக்க முடியாது. பல சங்கங்கள் இதைத் தொல்லை என்று கருதிக் கடைசி வாரத்தில் யாரையாவது பிடித்து உட்காரவைக்கின்றன. என்னைக் கேட்டால், மற்றப் பதவிகளுக்கும் இதை நீங்களாகவே கடைப்பிடிக்கலாம். ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் அடுத்து வரவிருப்பவரை ஓராண்டு முன்பே துணையாக நியமித்துவிட்டால், பொறுப்பை ஏற்பவர் எதற்குள் மாட்டிக்கொள்கிறோம் என்ற அச்சமின்றி ஏற்பார். கணக்குகள், உறுப்பினர் பட்டியல், ஆண்டறிக்கை ஆகியவை செயலாளரின் சொந்த மடிக்கணினியிலோ அவர் வாட்ஸ்அப்பிலோ கிடக்கக் கூடாது. அவர் வேலை மாறிப்போனால் சங்கமே முடங்கும்.

தொண்டூழியம் என்பதால் எல்லாவற்றையும் இலவசமாகவே செய்து தீர வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். மாநாட்டுப் பதிவு, ரசீது அனுப்புதல் போன்றவற்றுக்குப் பகுதிநேர எழுத்தர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். ஆசிரியர்களின் நேரத்தை ஆசிரியர்களால் மட்டுமே செய்யக்கூடியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பணமில்லையென்றால் நிகழ்ச்சிகளைக் குறையுங்கள். ஆண்டுக்கு நான்கு செய்திமடல் வெளியிடத் திணறுகிற செயலவை, இரண்டு போதும் என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தால் எந்த உறுப்பினரும் சண்டைக்கு வர மாட்டார்.