ஓடுகிற பெண்ணின் நோட்டும் மாமா சொன்ன இன்ஜினியரிங்கும்

போன மாதம் நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்தது. அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. அம்மா வீட்டில் தையல் வேலை செய்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல்-கணிதப் பிரிவு. 800 மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் இரண்டு முறை பரிசு வாங்கியவள். உட்கார்ந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "சார், விளையாட்டைப் போய் யாராவது டிகிரியா படிப்பாங்களா?"

விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி அறிவியல் படிக்க வேண்டும் என்று பெண் சொல்லியிருக்கிறாள். வீடு இரண்டாகிவிட்டது. சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கும் தாய்மாமா போனிலேயே முடிவு செய்துவிட்டார். "சர்டிபிகேட் இருக்குல்ல, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல பாருங்க. இல்லேன்னா மேனேஜ்மென்ட் கோட்டா. கம்ப்யூட்டர் சயின்ஸை மட்டும் விட்டுடாதீங்க." அதற்காக ஊருக்கு வெளியே வாங்கிப் போட்டிருந்த ஐந்து சென்ட் மனையை விற்க ஆளும் பார்த்தாயிற்று.

முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதலாகத்தான் பேசினேன். எல்லாப் படிப்பிலும் வாய்ப்பு இருக்கிறது, பதறாதீர்கள் என்றெல்லாம் சொன்னேன். அப்போது அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். நாற்பது பக்க நோட்டு, அட்டை கிழிந்திருந்தது. உள்ளே ஸ்கேலால் கோடு போட்டுக் கட்டங்கள். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் எண்ணிய நாடித்துடிப்பு, தூங்கிய மணி, ஓடிய தூரம், முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி பத்துக்கு எத்தனை. ஏழு மாதக் கணக்கு. ஒரு பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தாள்: "58-லிருந்து 66 ஆன வாரம். அடுத்த வாரமே வலி. ஏன்?"

யாரும் சொல்லித் தரவில்லை, பி.டி. சார்கூடக் கேட்கவில்லை, அவளாகவே எழுதியது. அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு நான் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். அப்பாவிடம் அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், இதே கேள்வியோடு இருக்கும் மற்ற வீடுகளுக்கும் ஆகட்டும் என்று.

மனையை விற்று இன்ஜினியரிங் சேர்க்காதீர்கள். இன்ஜினியரிங் மோசமான படிப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் உங்கள் மகளுக்குக் கணக்கில் பிடிப்பு இல்லை. அவளே சொல்கிறாள், மதிப்பெண்ணும் அதையே சொல்கிறது. முதல் வருடக் கணக்குப் பாடத்தில் அரியர் விழுந்து, அதைத் தூக்கிக்கொண்டே நான்கு வருடம் ஓட்டிய பிள்ளைகள் என் எதிரில் இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். ஓட்டத்தில் வாங்கிய சான்றிதழை வைத்து ஓட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வகுப்பில் அவளை உட்கார வைப்பது என்ன நியாயம்? மாமா நல்லவர்தான், அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் தனக்குக் கிடைத்த வழி ஒன்றைத்தான் அவர் பார்த்திருக்கிறார். மனையை விற்கப்போவது நீங்கள், படிக்கப்போவது அவள்.

சரி, இந்தப் படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? விசில் ஊதுவதும் கபடி விளையாடுவதும் என்றுதான் பல பெற்றோர் நினைக்கிறார்கள். முதல் வருடம் பெரும்பாலும் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர் வேதியியல். அப்புறம் அசைவின் இயற்பியலான பயோமெக்கானிக்ஸ், உணவியல், விளையாட்டு உளவியல், வலிமைப் பயிற்சி, புள்ளியியல். கடைசியில் ஒரு ஆய்வுத் திட்டம். விளையாடத் தெரிந்திருந்தால் நல்லது, ஆனால் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டிய அறிவியல் இது.

ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஓட்டக்காரர் ஒருவரை டிரெட்மில்லில் ஏற்றுகிறார்கள். நான்கு நிமிடத்துக்கு ஒரு தரம் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுகிறார்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் காது மடலில் சின்னதாகக் குத்தி ஒரே ஒரு சொட்டு ரத்தம். அதைப் பட்டையில் வைத்தால், தசை கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் சேரும் லாக்டேட் என்ற பொருளின் அளவு சில நொடிகளில் வந்துவிடும், நம் வீட்டில் சர்க்கரை பார்க்கிற கருவி மாதிரிதான். சும்மா இருக்கும்போது லிட்டருக்கு ஒரு மில்லிமோலை ஒட்டி இருப்பது, வேகம் கூடக் கூட மெதுவாக ஏறி, ஓர் இடத்தில் சட்டென்று மேலே போகும். 4 மில்லிமோல் என்பது பயிற்சியாளர்கள் நெடுநாளாகப் பார்த்துவரும் ஒரு கோடு. அந்த வேகம் எது என்று தெரிந்துவிட்டால் எந்த நாள் மெதுவாக ஓட வேண்டும், எந்த நாள் உயிரைக் கொடுத்து ஓட வேண்டும் என்று திட்டம் போட்டுவிடலாம். எல்லா நாளும் ஒரே மாதிரி மூச்சிரைக்க ஓடிக் காலைக் கெடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் நம் ஊரில் எத்தனை பேர்! உங்கள் பெண்ணின் கால் வலிக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத் தோல் மடிப்பை அளப்பது. கேட்க எளிதாக இருக்கும். கையின் பின்பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று எட்டு இடங்கள். விரலால் கிள்ளித் தூக்கிக் கருவியால் பிடிக்க வேண்டும். இடம் ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் போனாலும் கணக்கு மாறிவிடும் என்பதால் முதலில் பேனாவால் குறி வைத்துக்கொள்வார்கள். இரண்டு முறை அளந்து, இரண்டுக்கும் ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் அளக்க வேண்டும். ஐசாக் என்ற சர்வதேச அமைப்பு இதற்கென்றே படிநிலைச் சான்றிதழ் தருகிறது. பொறுமை இல்லாதவர்களுக்கு இது வேலைக்காகாது. ஏழு மாதம் நாடி எண்ணியவளுக்கு ஆகும்.

கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசியின் விதி. கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது. கையில் சின்னச் சின்னக் குறிகளை ஒட்டி, சுற்றிலும் அதிவேகக் கேமராக்களை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்தச் சோதனைக்கு ஐசிசியின் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடம் நம் சென்னையிலேயே, போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் அமைந்தது. 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியின் உடற்திறன் பயிற்சியாளர் ராம்ஜி சீனிவாசன், பின்னால் அதே பொறுப்புக்கு வந்த சங்கர் பாசு, இரண்டு பேருமே சென்னைக்காரர்கள். "இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் படிக்கிறது" என்று மாமா சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இந்தப் படிப்பின் பெயரில் "உடற்பயிற்சி" என்று ஒரு சொல் இருக்கிறது. எல்லோரும் "விளையாட்டு" வரை படித்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பாதிப் படிப்பு அந்த இரண்டாவது சொல்லில்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. டாக்டர் எல்லோரிடமும் "நடங்க" என்கிறார். எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம், பாதம் மரத்துப் போனவர் என்ன செய்வது, இன்சுலின் போட்டுக்கொள்பவர் எப்போது நடக்கலாம், இதய அறுவை சிகிச்சை முடிந்தவர் எதில் தொடங்குவது என்று உட்கார்ந்து சொல்ல நம்மிடம் ஆள் குறைவு. முப்பது மீட்டர் நடைபாதையில் ஆறு நிமிடம் நடக்க வைத்து, எத்தனை மீட்டர் நடந்தார், நாடி எவ்வளவு, மூச்சு எப்படி என்று பார்த்து, அதிலிருந்து ஒரு பயிற்சித் திட்டம் எழுதுவார்கள். ஓட்டப் பந்தயத்தில் இவள் கற்றதெல்லாம் உங்கள் அம்மாவின் முழங்காலுக்கும் உதவும். ஆஸ்திரேலியாவில் இதற்கு அங்கீகாரம் பெற்ற தனித் தொழிலே இருக்கிறது. இங்கே இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. மருத்துவமனைகளில் இந்த வேலை பெரும்பாலும் பிசியோதெரபிஸ்ட் கையில்தான் இருக்கிறது. அதையும் தெரிந்துகொண்டே வாருங்கள்.

இந்த இடத்தில் கறாராக ஒன்று சொல்லிவிடுகிறேன். இது பிசியோதெரபி படிப்பு கிடையாது. இதைப் படித்துவிட்டுக் காயத்துக்குச் சிகிச்சை தருகிறேன் என்று போர்டு மாட்டக் கூடாது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆவதற்கும் இது மட்டும் போதாது. அதற்கு உடற்கல்விக்கான பி.பி.எட். பட்டம் வேண்டும், முதல் பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருடம். "கடைசியில் பி.டி. டீச்சர் வேலையாவது கிடைக்கும்" என்று நினைத்துச் சேர்த்துவிட்டு மூன்றாவது வருடத்தில் வந்து கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஏமாற்றம் தேவையே இல்லை.

எங்கே படிப்பது? வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாமா வேலை பார்க்கும் ஓ.எம்.ஆரிலிருந்து கூப்பிடு தூரம். உடற்பயிற்சி உடலியங்கியல், பயோமெக்கானிக்ஸ், விளையாட்டு உளவியல் என்று தனித்தனித் துறைகள் அங்கே உண்டு. அரசுப் பல்கலைக்கழகம். இந்த வருட அறிவிப்பில் எந்தெந்த இளநிலைப் படிப்புகள் வந்திருக்கின்றன என்று நேரில் போய்ப் பாருங்கள். வெளியூர் போகத் துணிச்சல் இருந்தால் 1957-இல் தொடங்கிய குவாலியர் லட்சுமிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனமும், 2018 சட்டப்படி அமைந்த மணிப்பூர் தேசிய விளையாட்டுப் பல்கலைக்கழகமும் மத்திய அரசு நிறுவனங்கள். தனியாரில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் இதே பெயரில் பி.எஸ்சி. ஆனர்ஸ் நடத்துகிறார்கள். கட்டணத்தைக் கேட்டு, விடுதிச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகுதான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் ஆய்வகத்தைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஒரு தனியார் கல்லூரிக்கு ஒரு பையனோடு நானே போயிருந்தேன். கையேட்டில் பளபளவென்று படம் போட்டிருந்தார்கள். உள்ளே இரண்டு டிரெட்மில், இரண்டின் மீதும் துணி போர்த்தியிருந்தது. துணியின் மேல் தூசி. மூச்சுக்காற்றை அளக்கும் கருவி எங்கே என்று கேட்டேன், ஆர்டர் போட்டிருக்கிறோம் என்றார்கள். மூன்றாம் வருட மாணவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க கையால எத்தனை தடவை சோதனை பண்ணியிருக்கீங்க?" என்று கேளுங்கள். களப் பயிற்சிக்கு எங்கே அனுப்பினார்கள் என்று கேளுங்கள். எந்த அணி, எந்த அகாடமி, எத்தனை வாரம். பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணக் கணக்கில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. ஜிம்மிலோ சின்ன அகாடமியிலோ 15,000, 20,000 என்று தொடங்குகிறவர்கள் உண்டு. இந்திய விளையாட்டு ஆணையம் உடலியங்கியல், பயோமெக்கானிக்ஸ், வலிமைப் பயிற்சி என்று தனித்தனியாக ஆள் எடுக்கிறது, ஆனால் அவற்றில் பல ஒப்பந்த வேலைகள், பெரும்பாலும் முதுகலையும் கேட்பார்கள். ஆகவே மூன்று வருடத்தோடு முடிந்துவிடும் என்று நினைக்காமல் ஐந்து வருடத்துக்குத் திட்டம் போடுங்கள். பட்டம் முடித்த பிறகு அமெரிக்காவின் என்.எஸ்.சி.ஏ. என்ற வலிமைப் பயிற்சிச் சங்கம் நடத்தும் சி.எஸ்.சி.எஸ். என்ற பயிற்சியாளர் சான்றிதழ்த் தேர்வை எழுதினால் அணிகளிடமும் அகாடமிகளிடமும் மதிப்புக் கூடும். அதற்கும் தேர்வுக் கட்டணம் டாலரில் வரும், இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தக் கடன் ஒரு வருடத் தொடக்கச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது என் அளவுகோல். இந்த அளவுகோலில் பார்த்தால் அரசுப் பல்கலைக்கழகம்தான் உங்களுக்குப் பொருந்தும். வங்கிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமலே வாங்கலாம். அந்த அளவுக்கு வாங்கச் சொல்லி இதைச் சொல்லவில்லை, மனையைத் தொட வேண்டியதே இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். விடுதியில் கைச்செலவுக்கு ஆகும். இளநிலையிலேயே இங்கிலாந்துக்கு அனுப்புகிறோம் என்று ஏஜென்ட் யாராவது வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். லஃபரோ போன்ற பல்கலைக்கழகங்கள் இந்தத் துறையில் உலகத்தின் உச்சியில் இருக்கின்றன, மறுக்கவில்லை. முதுகலையில், உதவித்தொகை கையில் வந்தால், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "ஓட முடியாமப் போயிட்டா என்னங்க சார் பண்றது? கால் வலி வந்துக்கிட்டே இருக்கே." நல்ல கேள்வி. மெடல் ஆசையில் மட்டும் இந்தப் படிப்புக்கு வருகிறவர்களை நானே தடுத்திருக்கிறேன். அப்படி வந்த ஒரு பையன் உயிர் வேதியியலைப் பார்த்ததும் முதல் செமஸ்டரிலேயே வீட்டுக்கு வந்துவிட்டான். அதனால் அந்தப் பெண்ணிடமே கேட்டேன்: "நாளைக்கே டாக்டர் ஓடக் கூடாதுன்னு சொல்லிட்டா, அப்பவும் இதைப் படிப்பியாம்மா?" கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "படிப்பேன் சார். எதனால கூடாதுன்னு தெரியணும்ல" என்றாள்.

அப்பாவிடம் மூன்று வேலைகள் கொடுத்து அனுப்பினேன். மனை பேச்சை ஆகஸ்ட் வரை ஒத்திப் போடுவது. பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஒரு வேலை நாளில் மேலக்கோட்டையூர் போய் ஆய்வகத்தைப் பார்ப்பது, போகும்போது மாமாவையும் ஒரு மணி நேரம் லீவு போடச் சொல்லி உடன் அழைத்துப் போவது. அப்புறம், அந்தக் கால் வலிக்கு நல்ல எலும்பு மருத்துவரிடம் காட்டுவது. நோட்டையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன்.