தொலைநோக்கித் தரவு சரியா தப்பா: கேள்வி பதில்

மாலதி: சிலியில் பராநல் தொலைநோக்கிகள் எடுக்கும் படம் நன்றாக வந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது சார்?

நட்சத்திரப் படத்தை விடுங்கள், முதலில் கருவியைத்தான் பார்ப்பார்கள். அங்கே 8.2 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கிகள் நான்கு. அவற்றில் மாட்டிய கருவிகளுக்குப் பகலிலேயே சோதனைப் படங்கள் எடுப்பார்கள். ஷட்டரைத் திறக்காமல் எடுப்பது பயஸ், சீரான விளக்கொளியில் எடுப்பது ஃபிளாட். அதிலிருந்து டிடெக்டரின் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லு) அடிமட்ட அளவு, இரைச்சல், விளக்கின் பிரகாசம் என்று சில எண்கள் வரும். வழக்கமான எல்லைக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. விளக்கு பழசாக ஆக ஒளி மெல்லக் குறையும், வரைபடத்தில் கோடு சரிந்துகொண்டே வரும், புது விளக்கு மாட்டிய அன்று சடாரென்று மேலே ஏறும், உடனே சிவப்பு! பழுது ஒன்றும் இல்லை, ஆனால் விளக்கு மாற்றிய விஷயம் அந்த எண்ணுக்குத் தெரியாதே. அதனால்தான் சொல்கிறேன்: குறி போடுங்கள், அழிக்காதீர்கள்.

பிரபு: ஒரே ஒரு படத்தில் மட்டும் கூர்மையான வெள்ளைப் புள்ளி, புது நட்சத்திரமா?

காஸ்மிக் கதிராக இருக்கும், அதாவது விண்வெளியிலிருந்து வந்து டிடெக்டரில் மோதிய துகள். அதே இடத்தை மறுபடி எடுங்கள்.

நாசர்: வேரா ரூபின் ஆய்வகத்தில் இரவுக்கு 20 டெராபைட் தரவு. மோசமானதை மென்பொருளே அழித்துவிட்டால் என்ன?

வேண்டவே வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி 2001-ல் பதிந்த தரவில் ஒரு துடிப்பு இருந்தது, 13 கற்றைகளில் (தொலைநோக்கி ஒரே நேரத்தில் பார்க்கும் வானத் துண்டுகள்) ஒன்றைத் திணறடிக்கும் அளவுக்குப் பலமானது. 2007-ல் அதைத் தோண்டி எடுத்தார்கள். வேக ரேடியோ வெடிப்பு, அதாவது வெகுதொலைவிலிருந்து கண நேரம் மட்டும் வரும் ரேடியோ துடிப்பு, அதை ஆராயும் துறையே அதிலிருந்துதான் தொடங்கியது. அளவு மீறியது என்று அன்றே அழித்திருந்தால்?

நாசர்: அதே பார்க்ஸில் மைக்ரோவேவ் அடுப்பை வானம் என்று நம்பினார்களே அண்ணா, அது குப்பைதானே?

நல்ல வாதம், ஆனால் அதுவும் என் பக்கம்தான் நிற்கிறது. பெரிட்டான் என்று பெயர் வைத்த அந்தத் துடிப்புகள் 13 கற்றைகளிலும் ஒரே நேரத்தில் தெரிந்தன, 2001 துடிப்போ சிலவற்றில் மட்டும். அதனால் பெரிட்டான் அக்கம்பக்கத்துச் சமாச்சாரம் என்ற சந்தேகம் முதலிலேயே இருந்தது. 2015-ல், அடுப்பு ஓடும்போதே கதவைத் திறந்தால் அது வருகிறது என்று நிரூபித்தார்கள். குப்பையைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்தது.

கீதா: கெட்ட படங்களைத் தானாக டெலீட் செய்ய எந்த மென்பொருள் நல்லது?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். அழிக்காதீர்கள்.

ரவி: மொட்டை மாடிக்கு எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?

அது வேறு விஷயம், உங்கள் ஊர் வானியல் கழகத்தில் கேளுங்கள்.

கலா: எல்லாம் பச்சையாக இருந்தும் தப்பாகுமா?

ஆகும். 1960-களில் பிரான்சின் ஓட்-புரோவான்ஸ் ஆய்வகத்தில் சில நட்சத்திர நிறமாலைகளில் (ஒளியை நிறவாரியாகப் பிரித்த பதிவு) திடீரென்று பொட்டாசியம் கோடுகள் வந்தன. டிடெக்டர் சோதனை எதுவும் அதைப் பிடித்திருக்காது, ஏனென்றால் அந்த ஒளி உண்மையானதுதான். பிறகு கலிபோர்னியாவில் சிலர் தீக்குச்சி கிழித்துப் பார்த்தார்கள், அதே கோடுகள். நட்சத்திரத்திலிருந்து அல்ல, கருவிக்குப் பக்கத்தில் யாரோ கிழித்த தீக்குச்சியிலிருந்து வந்த ஒளி என்று ஆனது.