கவலைப்பட்டால் உதடு வீங்குமா?

கேள்வி: வயது 42. முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கிய பிறகு, இரண்டு மாதமாகச் சாயங்காலமானால் உடம்பெல்லாம் தடித்து அரிக்கிறது. இரண்டு தடவை உதடும் வீங்கியது. மாமியார் காணாக்கடி (கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்தது) என்கிறார். டாக்டர் "மனசுதான் காரணம்" என்கிறார். கருவாடு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் விட்டுப் பார்த்துவிட்டேன்.

பதில்: கவலையால் உதடு வீங்கலாம், அம்மா. ஆனால் மனசு மட்டுமே காரணம் என்று சொன்னால் உங்கள்மேல் பழி போட்டதுபோல ஆகிவிடும்.

தோலுக்குள் மாஸ்ட் செல்கள் இருக்கின்றன. அவை ஹிஸ்டமினைக் கொட்டும்போது ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது. தோலின் மேற்பகுதியில் கசிந்தால் தடிப்பு. ஆழத்தில் கசிந்தால் உதடு, இமை வீக்கம். மனம் நெருக்கடியில் இருக்கும்போது தோலிலுள்ள நரம்பு நுனிகள் சில வேதிப்பொருட்களை விடுகின்றன. ஏற்கெனவே எளிதில் தூண்டப்படும் நிலையில் இருக்கும் செல்களை அவை உசுப்பிவிடுகின்றன.

நான் முதலில் கேட்பது வேறு. குனிந்தே வேலை பார்ப்பதால் கழுத்து வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறீர்களா? டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை இந்தத் தடிப்பைச் சிலருக்குக் கிளறிவிடும். பிரஷருக்கு எனாலாபிரில் அல்லது ராமிப்ரில் சாப்பிட்டால் உடனே டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள். வருடக்கணக்கில் ஒத்துக்கொண்ட பிறகும் அவை சிலருக்குத் திடீரென உதட்டையும் நாக்கையும் வீங்க வைக்கும்.

சாப்பாட்டு அலர்ஜி என்றால் பெரும்பாலும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள், அதைச் சாப்பிடும்போதெல்லாம் வரும். உங்களுக்கு அப்படித் தெரியவில்லை. கருவாட்டைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

ஆறு வாரம் தாண்டிவிட்டதால் இது நாள்பட்ட தடிப்பு. ஹிஸ்டமினைத் தடுக்கும் லெவோசெட்ரிசின் போன்ற மாத்திரையை அரிக்கும்போது மட்டும் போடாமல் தினமும் போட வேண்டும். போதாவிட்டால் டாக்டர் அளவை நான்கு மடங்குவரை கூட்டுவார், நீங்களாகக் கூட்டாதீர்கள். அடிக்கடி ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதும் வேண்டாம். வேப்பிலை அடிப்பதில் மாமியாருக்கு ஆறுதல் என்றால் அடிக்கட்டும், மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுங்கள். 24 மணி நேரம் கழித்தும் அதே இடத்தில் இருந்தாலோ, கன்றிப்போன தழும்பு விட்டாலோ அது வேறு நோயாக இருக்கலாம். அரிப்பும் தடிப்பும் இல்லாமல் வீக்கம் மட்டும் வந்து, குடும்பத்தில் மற்றவர்களுக்கும் அப்படி இருந்தால், ரத்தத்தில் சி4 என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை தேவை.

நாக்கு வீங்கினாலோ, குரல் கம்மினாலோ, மூச்சு முட்டினாலோ மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் போகும்போது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடன் கவலையால் தூக்கம் வரவில்லை என்பதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்; அதற்கும் அங்கேயே மருத்துவர்கள் இருக்கிறார்கள்.