அங்கயற்கண்ணி: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சென்ற ஆண்டு தவறிப்போன என் அம்மாவின் பெயர் அங்கயற்கண்ணி. அதையே பிள்ளைக்கு வைக்க ஆசை. என் மனைவிக்கும் சம்மதம்தான். ஆனால் மாமனார் வீட்டில், "ரயில் மாதிரி நீளமா இருக்கு, பள்ளிக்கூடத்துல பிள்ளை சிரமப்படும். கயல்னு வச்சுட்டுப் போங்க" என்கிறார்கள். மீனாட்சி என்பதைத் தமிழாக்கிய பெயர் என்பதற்கு மேல் எனக்கும் விவரம் தெரியாது. சரியான பொருள் என்ன? எப்போதிருந்து இருக்கிறது? இப்போது யாராவது வைக்கிறார்களா?

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

மகளுக்கு என் வாழ்த்து. அம்மா பெயரைத் தேடிக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிரித்தால் அம் + கயல் + கண்ணி. 'அம்' என்றால் அழகு, கயல் என்றால் கெண்டை. சேரும்போது ம் ங் ஆகிறது, ல் ற் ஆகிறது. எழுதுகிறவர்களில் பாதிப்பேர் தடுக்கி விழுவது இந்த ற்-இல்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மீனின் கண்ணைப் போன்ற கண் என்று சிலர் பொருள் சொல்வார்கள். மார்க்கெட்டில் ஐஸ் மேல் கிடக்கும் மீனின் கண்ணைப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். உவமை மீனின் கண் இல்லை, மீனேதான். மேலூர்ப் பக்கம் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையில் அகப்பட்ட கெண்டை சேற்றுத் தண்ணீரில் ஒருக்களித்துப் புரளும். கருத்த முதுகு மறைந்து வயிற்று வெள்ளை பளிச்சென்று தெரியும், உடனே மறுபடி கருப்பு. கருவிழி ஓரத்துக்கு ஓடித் திரும்புவதும் அப்படித்தான். இரண்டு முனையும் கூம்பிய அந்த உடம்பும் கண்ணின் வடிவம்தான். மீன் பார்வையாலேயே குஞ்சு பொரிக்கும், அம்மனும் பார்வையாலேயே நம்மைக் காப்பாள் என்று ஒரு விளக்கம் உண்டு. நல்ல நம்பிக்கை. மீனுக்குத்தான் அது தெரியாது.

எப்போதிருந்து என்றால், 7ஆம் நூற்றாண்டிலேயே பாட்டில் இருக்கிறது. மதுரைக்கு வந்த சம்பந்தர், பாண்டிமாதேவியைப் புகழ்ந்து 'மங்கையர்க்கரசி' என்று தொடங்கும் தேவாரப் பதிகத்தின் முதல் பாட்டை 'அங்கயற்கண்ணி தன்னொடும் அமர்ந்த ஆலவாயாவதும் இதுவே' என்று முடிக்கிறார். ஆலவாய் என்பது மதுரைதான். அடி தொடங்கும் சொற்களை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: மங்கையர்க்கரசி, பங்கயச்செல்வி, பொங்கழல், அங்கயற்கண்ணி. நான்கிலும் இரண்டாம் எழுத்து ங். மீனாட்சி என்று போட்டிருந்தால் அந்த எதுகை நின்றிருக்காது. ஆகவே மீனாட்சியின் தமிழாக்கம் என்று சொல்லி இந்தப் பெயரை இரண்டாம் இடத்தில் உட்கார வைக்காதீர்கள். எது முந்தியது என்ற பட்டிமன்றமும் வேண்டாம். 1300 வருஷமாக வழங்குகிற பெயர் என்பது போதாதா? பாண்டியர்களின் சின்னமும் கயல்தான் என்பதால் ஊருக்கும் பொருந்திவிட்டது. இதற்கு அக்கா தங்கைகளும் உண்டு. நாகப்பட்டினத்து நீலாயதாட்சி தமிழில் கருந்தடங்கண்ணி.

இப்போது யார் வைக்கிறார்கள்? அதிகம் இல்லை. என் வகுப்பிலேயே மூன்று மீனாட்சி இருந்தார்கள், இன்ஷியலை வைத்துத்தான் கூப்பிடுவோம். அங்கயற்கண்ணி ஒருத்திகூடக் கிடையாது. 1916 வாக்கில் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்துக்குப் பிறகு தமிழாசிரியர் வீடுகளிலும் சைவப் பற்றுள்ள வீடுகளிலும் விரும்பி வைத்தார்கள். இன்று கயல், கயல்விழி எல்லாம் நிறையக் காதில் விழுகிறது. முழுப்பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் 'அங்கயற்கண்ணி உடனுறை ஆலவாய் அண்ணல் துணை' என்று மேலே போடுவதோடு சரி. கீழே மணமகள் பெயராக நான் பார்த்தது ஒரே ஒரு தடவை.

அது எங்கள் பெரியம்மா மகளின் பத்திரிகை. அப்பத்தாவின் பெயரை அக்காவுக்கு வைத்தார்கள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாதே! அதனால் பெரியம்மா கடைசி வரை மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, 'ஆத்தா'தான். ஆக, எட்டு எழுத்துப் பெயரால் வீட்டில் யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை. சிரமமெல்லாம் வெளியேதான். ஓர் அலுவலகத்தில் அட்டை போட்டுக் கொடுத்தபோது 'அங்கையர் கன்னி' என்று அடித்துவிட்டார்கள். அக்காவுக்கு அப்போது மூன்று பிள்ளைகள். அத்தான் அதை வாங்கிப் படித்துவிட்டு, "கன்னியா? அப்ப இதுக மூணும் யாரு?" என்று கேட்டார். திருத்தி வாங்க ஐந்து முறை நடந்தார்கள். பாதிக் கோபம், பாதிச் சிரிப்பு.

நீளத்தைப் பற்றி மாமனாரிடம் ஒன்று சொல்லுங்கள். எட்டு எழுத்தில் மூன்று புள்ளி வைத்தவை, வாய் திறந்து சொல்ல ஐந்தே அசைப்புதான். வீட்டில் கயல் என்றே கூப்பிடுங்கள், கண்ணி என்றும் கூப்பிடலாம், அது உங்கள் இஷ்டம். ஆனால் சான்றிதழில் கயல் என்று மட்டும் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. முழுப்பெயரிலிருந்து கயலை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கயல் என்று பதிந்த பிள்ளையை அப்புறம் அங்கயற்கண்ணி ஆக்குவது பெரிய அலைச்சல்.

அவசரமும் இல்லை. பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும், அது முடிந்திருக்கும். பெயரை ஓராண்டு வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குள் இரண்டு வீட்டாரும் பேசி முடிவெடுங்கள். படிவத்தை நீங்களே நிரப்புங்கள். வல்லின ற், மூன்று சுழி ண்ணி. அச்சடித்துத் தந்ததும் கவுண்டரை விட்டு நகராமல், அங்கேயே நின்று ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுங்கள்.