அப்பா எப்போது விழுந்தார்?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. இனிப்பு நீரால் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார். வீட்டில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். இனி நடக்கவிடாமல் உட்கார வைத்துவிடலாமா? – வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம் தங்கச்சி. அப்பா எந்த நாளில், எந்த நேரத்தில் விழுந்தார் என்று நீங்கள் எழுதவில்லையே! பிசியோதெரபிஸ்டான எனக்கு முதலில் அதுதான் தெரிய வேண்டும்.

டயாலிசிஸ் முடித்து வந்த நாள் என்றால் ரத்த அழுத்தத்தைத்தான் சந்தேகப்படுவேன். நாலு மணி நேரத்தில் இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீரை உடம்பிலிருந்து எடுத்திருப்பார்கள். எழுந்து நின்றதும் பிரஷர் சட்டென்று இறங்கும். நான் வேலை பார்க்கும் இடத்தில் தினமும் இந்தக் கூத்துதான். ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே மனிதர் காலால் சிலிப்பரைத் துழாவுவார்; கீழே வேன்காரர் காத்திருக்கிறாராம். காத்திருக்கட்டும்! கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். படுத்திருக்கும்போது ஒரு தடவை, நின்ற பிறகு ஒரு தடவை பிரஷர் பார்க்கும்படி தாதியிடம் கேளுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், உப்பும் தண்ணீரும் கூடினால் அடுத்த தடவை நிறைய எடுக்க வேண்டிவரும், தள்ளாட்டமும் கூடும்.

மற்ற நாளில், ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்தாரா? அப்படியென்றால் பாதத்தைப் பாருங்கள். இனிப்பு நீரும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்தால் பாத நரம்பு மரத்துப்போகும். சிலிப்பர் கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பவர்கள் உண்டு. தரை தெரியாத காலுக்குக் கண்தான் துணை, விளக்கை அணைத்தால் அதுவும் போச்சு. வழியில் சின்ன விளக்கு எரியட்டும், செருப்புக்குப் பின்பட்டை இருக்கட்டும். கால் எரிச்சலுக்கு கபாபென்டின் சாப்பிடுகிறார் என்றால் டாக்டரிடம் அளவைக் கேளுங்கள். சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து அது. உடம்பில் தங்கினால் கிறுகிறுப்பு வரும்.

உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை இன்னும் வற்றும். டயாலிசிஸ் இல்லாத நாளில் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப்போட்டு, நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, எழுந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடிந்த அளவு போதும்.

மறுபடி விழுந்து தலையில் அடிபட்டால், காயம் இல்லையே என்று தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் கொடுப்பது வழக்கம், உள்ளே கசிந்தால் வெளியே தெரியாது. நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.