பிரிட்டனின் ஜிப்சிகளும் டிராவலர்களும்: கேள்வி பதில்

இங்கிலாந்தில் ஜிப்சி, டிராவலர் பிள்ளைகளின் பள்ளிக் கல்விக்காகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருவர், நம் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

ஹாரோவிலிருந்து: அம்மா, ஜிப்சி, டிராவலர், ரோமா என்ற பெயர்கள் செய்தித்தாள்களில் மாறி மாறி வருகின்றன. எல்லோரும் ஒரே மக்கள்தானா?

இல்லை. ரோமானி ஜிப்சிகள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிட்டனுக்கு வந்து சேர்ந்துவிட்டவர்கள். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று அன்று தவறாகக் கருதப்பட்டதால், 'எஜிப்ஷியன்' என்ற சொல் திரிந்து 'ஜிப்சி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1530இல் எட்டாம் ஹென்றி இவர்களை நாட்டைவிட்டு வெளியேற்றச் சட்டம் கொண்டுவந்தபோதும் 'எகிப்தியர்' என்றே எழுதினார்கள். ஐரிஷ் டிராவலர்கள் அயர்லாந்தின் மண்ணின் மக்கள். அவர்களுக்குத் தனிப் பேச்சுமொழியும் கத்தோலிக்க வழிபாடும் உண்டு. ரோமா என்று இங்கே குறிக்கப்படுவோர் பெரும்பாலும் கடந்த முப்பது ஆண்டுகளில் ருமேனியா, ஸ்லோவாக்கியா, செக் குடியரசு போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீடுகளில் வாழ்பவர்கள், கேரவனில் ஒருநாளும் தங்கியிராதவர்கள். திருவிழா இராட்டினங்களை நடத்தும் ஷோமென் குடும்பங்கள் இவற்றுக்கெல்லாம் வெளியே, தங்களைத் தொழில்வழிச் சமூகமாகவே கருதுகிறார்கள்.

2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 71,000 பேர் தங்களை ஜிப்சி அல்லது ஐரிஷ் டிராவலர் என்றும், ஏறத்தாழ 1,01,000 பேர் ரோமா என்றும் பதிந்தனர். வேலை போய்விடுமோ, அண்டை அயலார் முகம் மாறிவிடுமோ என்று அஞ்சி அந்தக் கட்டத்தில் குறியிடாதவர்கள் பலர் உண்டு என்பதால், உண்மைத் தொகை இதைவிடக் கூடுதல் என்பதில் இத்துறையில் பணிபுரிந்த எவருக்கும் ஐயமில்லை.

கோயம்புத்தூரிலிருந்து: இவர்கள் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்றும், நம் நரிக்குறவர்களும் இவர்களும் ஒரே இனம் என்றும் கேள்விப்பட்டேன். உண்மையா?

முதல் பாதி, ரோமானி ஜிப்சிகளையும் ரோமாவையும் பொறுத்தவரை உண்மை. அவர்களின் முன்னோர் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டதாக மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. அதற்கு வெகுகாலம் முன்பே மொழியறிஞர்கள் இதைக் கண்டுகொண்டார்கள். ஜேக், துய், திரின், ஷ்டார், பாஞ்ச் என்று ரோமானி மொழியில் எண்ணும்போது இந்தி அறிந்தவர் எவருக்கும் பாதி புரிந்துவிடும். 1971 ஏப்ரலில் லண்டனை அடுத்த ஆர்ப்பிங்டனில் கூடிய முதல் உலக ரோமானி மாநாடு ஏற்றுக்கொண்ட கொடியில், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே பதினாறு ஆரங்கள் கொண்ட சிவப்புச் சக்கரம் இருக்கிறது. இந்தியத் தொடர்பை நினைவூட்டவே அது வைக்கப்பட்டது.

இரண்டாம் பாதிக்குச் சான்று இல்லை. நரிக்குறவர்கள் பேசும் வாக்ரிபோலியும் இந்தோ-ஆரிய மொழிதான், ஆனால் அது குஜராத்திக்கு நெருக்கமானது. ஊர் ஊராகச் செல்லும் எந்தச் சமூகத்தையும் 'ஜிப்சி' என்று எழுதிவைத்த ஆங்கிலேய அதிகாரிகளின் பழக்கமே இந்தக் குழப்பத்துக்கு முக்கியக் காரணம் என்பேன். ஐரிஷ் டிராவலர்களுக்கோ இந்தியத் தொடர்பே இல்லை. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் நிலமிழந்து தெருவுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்று அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் கதையும் நிற்கவில்லை: பஞ்சத்துக்கு வெகுகாலம் முன்பே, ஏறத்தாழ 17ஆம் நூற்றாண்டளவில், அவர்கள் மற்ற அயர்லாந்து மக்களிலிருந்து தனித்துப் பிரிந்துவிட்டதாக 2017இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அதே ஆண்டு மார்ச் 1 அன்று அயர்லாந்து அரசு அவர்களைத் தனி இனக்குழுவாக முறைப்படி ஏற்றது.

ஈஸ்ட்ஹாமிலிருந்து: எங்கள் பூங்காவில் ஒரே இரவில் கேரவன்கள் வந்து நின்றுவிட்டன. பிள்ளைகளால் விளையாட முடியவில்லை, போகும்போது குப்பையையும் விட்டுச் சென்றார்கள். இவர்கள் ஏன் சட்டப்படி ஓரிடத்தை வாங்கித் தங்கக் கூடாது?

உங்கள் எரிச்சல் நியாயமானது, அதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்தக் கேரவன்கள் ஏன் பூங்காவுக்கு வந்தன என்பதற்குச் சட்ட வரலாற்றைத்தான் பார்க்க வேண்டும்.

ஊர்ப் பொதுநிலங்களிலும் விவசாயிகளின் வயலோரங்களிலும் இக்குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கி, கென்ட் பகுதியில் ஹாப்ஸ் காய் பறிப்பது போன்ற பருவ வேலைகளைச் செய்துவந்தன. கேரவன் நிறுத்த உரிமம் வேண்டும் என்று 1960ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதும் விவசாயிகள் கையை விரித்தார்கள். பொதுநிலங்களையும் உள்ளாட்சிகள் மூடின. இதனால் விளைந்த நெருக்கடியைத் தீர்க்க, உள்ளாட்சிகளே தங்குமிடங்கள் அமைக்க வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்தது. பல உள்ளாட்சிகள் அதைத் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தன. 1994இல் அந்தக் கடமையையே நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. சொந்தமாக நிலம் வாங்கி அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள் என்பதே அப்போது சொல்லப்பட்ட அறிவுரை, அதாவது நீங்கள் கேட்பதேதான்.

அப்படி வாங்கியவர்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எசெக்ஸில் பாசில்டன் அருகே டேல் ஃபார்ம் என்ற இடத்தில் பழைய இரும்புக் கிடங்கு ஒன்றை ஐரிஷ் டிராவலர் குடும்பங்கள் விலைகொடுத்து வாங்கின. நிலம் அவர்களுடையது, பத்திரமும் அவர்கள் பெயரில். ஆனால் அது புதிதாகக் கட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு உள்ள பசுமை வளையப் பகுதி என்பதால் அதன் ஒரு பகுதியில் குடியிருக்க அனுமதி மறுக்கப்பட்டது. பத்தாண்டு வழக்குக்குப் பின் 2011 அக்டோபர் 19 அன்று காவல்துறை உள்ளே நுழைந்து, ஏறத்தாழ 80 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்கள் அடுத்தவர் நிலத்தை ஆக்கிரமித்தார்கள் என்று இன்றும் நம்புவோர் உண்டு.

2022இல் சட்டம் மேலும் இறுகியது. பிறர் நிலத்தில் வாகனத்துடன் தங்கி, குறிப்பிடத்தக்க சேதமோ தொல்லையோ விளைவித்து, அல்லது விளைவிக்கக்கூடும் என்ற நிலையில், போகச் சொன்ன பின்னும் போகாதவருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,500 பவுண்டு வரை அபராதம், அல்லது இரண்டும்; வாகனமும் பறிமுதலாகலாம். இங்கே வாகனம் என்பது அவர்கள் வீடு. வெளியேற்றப்பட்ட இடத்துக்கு 12 மாதம் திரும்பக் கூடாது என்ற விதி மனித உரிமைக்கு ஒவ்வாதது என்று 2024 மே மாதம் உயர்நீதிமன்றம் அறிவித்தது; போதிய மாற்றிடம் இல்லாமல் அப்படி விரட்டுவது பாகுபாடு என்பதே அதன் சாரம்.

குப்பை குறித்து: விட்டுச் செல்பவர்கள் உண்டு. குப்பைத்தொட்டியோ கழிப்பறையோ இல்லாத இடத்தில் இருபது குடும்பங்கள் இரண்டு வாரம் தங்கினால் யாராக இருந்தாலும் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். லீட்ஸ் நகரில் ஒரு வழி கண்டார்கள். எங்கே, எத்தனை நாள், எந்த நிபந்தனையில் என்று முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டு, தொட்டியும் கழிப்பறையும் கொடுத்துத் தற்காலிகமாகத் தங்கவிடும் முறை அது. வழக்கறிஞர் செலவும் துப்புரவுச் செலவும் அங்கே குறைந்தன. மற்ற ஊர்கள் அதை ஏன் பின்பற்றத் தயங்குகின்றன என்பது எனக்குப் புரியாத ஒன்றல்ல. டிராவலர்களுக்கு இடம் கொடுத்தவர் என்ற பெயரோடு உள்ளாட்சித் தேர்தலில் நிற்க எந்த உறுப்பினரும் விரும்புவதில்லை.

டூட்டிங்கிலிருந்து: வீட்டில் குடியேறிய பிறகு ஒருவர் எப்படி ஜிப்சி ஆவார்?

லண்டனில் வீடு வாங்கிய பிறகு நீங்கள் எப்படித் தமிழராக இருக்கிறீர்களோ அப்படித்தான். 2011 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸ் ஜிப்சி, டிராவலர்களில் நான்கில் மூன்று பங்கினர் வீடுகளில் வாழ்ந்தார்கள். கேரவனில் இருந்தவர்கள் 24 விழுக்காடு மட்டுமே. அரசுக்கே இந்தக் குழப்பம் இருந்தது: முதுமையாலோ நோயாலோ பயணத்தை நிரந்தரமாக நிறுத்தியவரை, இடம் ஒதுக்கும் திட்டமிடலில் டிராவலராகக் கணக்கிட வேண்டாம் என்று 2015இல் வரையறுத்தார்கள். அது பாகுபாடு என்று 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகே, 2023 டிசம்பரில் வரையறை மாறியது.

டொராண்டோவிலிருந்து: அவர்கள் சுத்தம் பார்க்காதவர்கள் என்ற பேச்சு இங்கேயும் உண்டு. நீங்கள் உள்ளே சென்று பார்த்திருக்கிறீர்களா அக்கா?

பார்த்திருக்கிறேன் தம்பி, காலணியைக் கழற்றிவிட்டுத்தான். பழைய முறையைப் பேணும் ரோமானிக் குடும்பத்தின் டிரெய்லருக்குள் (கேரவன் என்று அவர்கள் சொல்வதில்லை) போனால் கண்ணாடி அலமாரியில் ராயல் கிரவுன் டெர்பி தட்டுகள் பளபளக்கும். ஜன்னலில் வெள்ளை லேஸ் திரை, இருக்கைகளில் தூசி படாமல் உறை. பாத்திரம் கழுவ ஒரு பேசின், கைகால் முகம் கழுவ வேறொன்று, துணி துவைக்க மற்றொன்று. ஒன்றை மற்றதற்குப் பயன்படுத்தினால் அது 'மொக்கடி' ஆகிவிடும். அழுக்கு என்பதைவிட நம் வீட்டுப் பாட்டிமார் சொன்ன எச்சில், தீட்டு என்பவற்றுக்கு இது நெருக்கமானது. தேநீர்க் கோப்பை துடைக்கும் துணியை உள்ளாடைகளோடு சேர்த்து இயந்திரத்தில் போட்டதைக் கண்டு, எனக்குத் தெரிந்த ஒரு முதிய பெண்மணி மருமகளிடம் மூன்று நாள் பேசவில்லை.

நாயும் பூனையும் தன்னைத்தானே நக்கிக்கொள்வதால் உள்ளே வரக் கூடாது. முள்ளெலிக்கு அது இயலாது என்பது அவர்கள் நம்பிக்கை, அதனால் அது சுத்தமான விலங்கு; பழைய தலைமுறை அதைச் சுட்டுத் தின்றதும் உண்டு. கழிப்பறையைத் தங்கும் இடத்துக்குள்ளேயே வைப்பது அவர்களுக்கு அருவருப்பு. அதனால்தான் முகாம்களில் அது தனிக் கட்டடத்தில் இருக்கும். சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கமே கழிப்பறை இருக்கும் உள்ளாட்சி வீட்டைக் கொடுத்துவிட்டு, "வீடு கொடுத்தும் நன்றியில்லை" என்று அலுத்துக்கொண்ட அலுவலர்களை நான் அறிவேன். இளைய தலைமுறையிலும் ஐரிஷ் டிராவலர்களிடையேயும் இந்த வழக்கங்கள் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

கொழும்பிலிருந்து: வரியே கட்டுவதில்லையாமே?

உள்ளாட்சி முகாமில் இருப்பவர் வாடகையும் கவுன்சில் வரியும் (உள்ளாட்சிக்குக் கட்டும் குடியிருப்பு வரி) மின்கட்டணமும் கட்டுகிறார். சொந்த நிலத்தில் இருப்பவரும் கவுன்சில் வரி கட்டுகிறார். வருமானத்தை மறைப்பவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். பழைய இரும்பு வியாபாரத்தில் ரொக்கம் கொடுப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் அடியோடு தடை செய்துவிட்டதால், அந்த வழியும் இன்று அடைபட்டுவிட்டது.

சிங்கப்பூரிலிருந்து: பிள்ளை பிடிப்பவர்கள் என்ற பயம் ஐரோப்பாவில் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 2013 அக்டோபரில் அயர்லாந்துக் காவல்துறை இரண்டு ரோமா குடும்பங்களிலிருந்து ஏழு வயதுச் சிறுமியையும் இரண்டு வயதுச் சிறுவனையும் எடுத்துச் சென்றது. பிள்ளைகளுக்குப் பொன்னிற முடி, பெற்றோர் கறுத்த முடியினர் என்பதே சந்தேகத்தின் அடிப்படை. டி.என்.ஏ. சோதனையில் இருவரும் அந்தந்தப் பெற்றோரின் சொந்தப் பிள்ளைகள் என்று உறுதியானது. யார் பிள்ளையை யார் பிடித்தார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

பர்மிங்காமிலிருந்து: நான் ஆசிரியர். என் வகுப்பு டிராவலர் மாணவி பதினொரு வயதோடு நின்றுவிட்டாள். பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். தொடக்கப் பள்ளிக்கு ஒழுங்காக வரும் பிள்ளைகள் மேனிலைப் பள்ளி தொடங்கும்போது நின்றுவிடுவதற்கு நான் கண்ட காரணங்கள் மூன்று. கேலியும் அடியும் முதலாவது. பள்ளி அதைப் பெரிதுபடுத்தாமல் விடுவதும் அதில் அடக்கம். பாலியல் கல்வி, போதைப்பொருள், காதல் விவகாரங்கள் பற்றிய அச்சம் இரண்டாவது. அந்த வயதில் பெண்ணைத் தனியே அனுப்புவது பற்றி நம் பெற்றோர் எழுப்பும் அதே கவலை. பதின்மூன்று வயதில் தந்தையோடு மரம் வெட்டவும் தார் போடவும் கற்றுக்கொண்டால் பிழைப்புக்கு வழி உண்டு, சான்றிதழ் இருந்தும் பெயரைக் கேட்டதும் வேலை தரமாட்டார்கள் என்ற அனுபவக் கணக்கு மூன்றாவது.

நடைமுறையில் நீங்கள் செய்யக்கூடியது உண்டு. பெற்றோர் தொழிலுக்காகப் பயணம் போகும்போது வருகைப் பதிவேட்டில் 'டி' (T) குறியீடு இடலாம். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஓராண்டில் குறைந்தது 200 அரைநாள்கள் வந்திருந்தால் பெற்றோர்மீது வழக்கு நிற்காது. இது பல பள்ளி அலுவலகங்களுக்கே தெரியாது. கடிதம் அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று கோப்பை மூடாதீர்கள். படிக்கத் தெரியாத பெற்றோர் அதை வெட்கத்தால் சொல்லமாட்டார்கள். தொலைபேசியில் கூப்பிடுங்கள், முடிந்தால் நேரில் செல்லுங்கள்.

படிக்கத் தெரியாததன் விலை பள்ளியோடு நிற்பதில்லை. மருத்துவமனைச் சந்திப்புக் கடிதமும் இதே கதிக்கு ஆளாகிறது. 2010இல் அயர்லாந்து முழுவதும் நடந்த டிராவலர் சுகாதார ஆய்வில் ஆண்களின் எதிர்பார்ப்பு ஆயுள் 61.7 ஆண்டுகள் என்று கண்டார்கள். பொது மக்களைவிட 15 ஆண்டுகள் குறைவு. ஆண்களின் தற்கொலை விகிதம் ஆறு மடங்குக்கும் மேல்.

சென்னையிலிருந்து: தொலைக்காட்சியில் காட்டும் பிரம்மாண்டத் திருமணங்கள் உண்மையா?

சில குடும்பங்களில் உண்மை; பெரும்பாலும் ஐரிஷ் டிராவலர்களின் திருமணங்களைக் காட்டி ஜிப்சி என்று தலைப்பிட்டார்கள். சேனல் 4 தொலைக்காட்சியின் 'பிக் ஃபேட் ஜிப்சி வெட்டிங்ஸ்' நிகழ்ச்சிக்கு வைத்த விளம்பரத் தட்டிகள் பொறுப்பற்றவை என்று 2012இல் விளம்பர ஒழுங்கு ஆணையமே கண்டித்தது.

மான்செஸ்டரிலிருந்து: ஆப்பிள்பி குதிரைச் சந்தைக்குக் குடும்பத்தோடு போகலாமா? பாதுகாப்பானதா?

தாராளமாகப் போகலாம். ஜூன் தொடக்கத்தில், வழக்கமாக முதல் வியாழக்கிழமை தொடங்கி ஒரு வாரம், கம்பிரியாவில் நடக்கிறது, நுழைவுச்சீட்டு கிடையாது. 1685இல் அரசர் தந்த உரிமைச் சாசனத்தின்படி நடப்பதாக டிராவலர்களே பெருமையாகச் சொல்வார்கள், ஆனால் இன்றைய சந்தை 1775இல் தொடங்கியது என்பதே ஆய்வாளர் முடிவு. காலையில் ஈடன் ஆற்றுப் பாலத்தருகே நின்றால், காலில் சாமரம் போல முடி தொங்கும் காப் குதிரைகளைப் பையன்கள் சேணமின்றி ஏறி நீரில் இறக்கிக் கழுவுவதைப் பார்க்கலாம். குதிரைகளை ஓட்டிக் காட்டும் சந்தில் நடுவில் நிற்காதீர்கள், "மைண்ட் யுவர் பேக்" என்ற கூச்சல் கேட்டால் உடனே ஓரம் ஒதுங்குங்கள். பிள்ளைகளின் கையை விடவேண்டாம். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள், குறிப்பாகச் சிறுமிகளை. காரில் போனால் நெரிசலில் மாட்டுவீர்கள். லீட்ஸிலிருந்து கார்லைல் செல்லும் ரயில் ஆப்பிள்பியிலேயே நிற்கிறது.