பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்: அதையும் பாக்டீரியா சமாளித்துவிடாதா?

கேள்வி: எனக்குச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. பல ஆன்டிபயாடிக்குகள் கேட்கவில்லை. பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸை மருந்தாகத் தருகிறார்களாம். அதற்கும் பாக்டீரியா பழகிவிடாதா?

பதில்: பழகும். ஃபேஜ் எனப்படும் இந்த வைரஸ்களோடு பாக்டீரியாக்கள் காலங்காலமாக மல்லுக்கட்டி வருகின்றன. ஃபேஜ் உள்ளே நுழைய, பாக்டீரியாவின் மேற்பரப்பில் குறிப்பிட்ட ஒரு மூலக்கூறைப் பற்ற வேண்டும். தற்செயலான ஜீன் மாற்றத்தால் அந்த மூலக்கூறு மாறிப்போன பாக்டீரியா பிழைக்கும். மற்றவை சாக, அதன் வாரிசுகள் பெருகும்.

நுழைந்துவிட்டாலும் பாக்டீரியாவின் சில நொதிகள் வைரஸின் டிஎன்ஏவை வெட்டிப் போடும். கிரிஸ்பர் என்ற பாக்டீரியாவின் தற்காப்பு முறை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. வந்த ஃபேஜின் டிஎன்ஏவில் ஒரு துண்டை எடுத்துத் தன் ஜீனோமிலேயே செருகிக்கொள்ளும். அதே ஃபேஜ் மறுபடி வந்தால், அந்தத் துண்டின் ஆர்என்ஏ பிரதி அடையாளம் காட்ட, கேஸ் (Cas) எனப்படும் புரதங்கள் வைரஸின் டிஎன்ஏவை வெட்டும். தயிர், சீஸ் தயாரிக்க உதவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் பாக்டீரியாவில் 2007-இல் இதை நிரூபித்தார்கள். தடுப்பூசியால் நமக்குக் கிடைக்கும் எதிர்ப்பு நினைவு ஜீன் வழியாகப் பிள்ளைகளுக்குப் போவதில்லை. பாக்டீரியாவின் வாரிசுகளுக்குப் போகிறது! எனக்கு இது இன்றும் வியப்புதான்.

ஆனால் தப்பிப்பதற்கு விலை உண்டு. சூடோமோனாஸ் பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு ஃபேஜ், ஆன்டிபயாடிக்கை வெளியே தள்ளும் பம்ப்பின் புரதத்தைப் பிடித்தே நுழைகிறது. அதனிடமிருந்து தப்ப பம்ப்பைக் கெடுத்துக்கொண்டால், பழைய மருந்து மறுபடி வேலை செய்யத் தொடங்குகிறது. ஃபேஜ்களும் சும்மா இருப்பதில்லை. கிரிஸ்பரை முடக்கும் புரதங்கள் சிலவற்றிடம் உள்ளன. அதனால்தான் பல ஃபேஜ்களைக் கலந்து, பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தே தருகிறார்கள்.

சரி, உங்களுக்கு இது இப்போது தேவையா? பெரும்பாலான நாடுகளில் இது இன்னும் ஆய்வுநிலைச் சிகிச்சைதான். முதலில், மருந்து தொடங்கும் முன் சிறுநீர் கல்ச்சர் எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பாருங்கள். கல், அடைப்பு, சர்க்கரை நோய் இருந்தாலும் தொற்று திரும்பும். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மிச்சம் வைத்திருக்கும் மாத்திரையை நீங்களாகப் போட வேண்டாம். குளிர் காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.